உயிரோடு இருப்பவர் கட்டுரையில் நடுநிலைத் தகராறு வந்தால்

விக்கிப்பீடியாவில் நான் தொகுக்கிற கட்டுரைகளில் அதிகம் சண்டை வருவது, உயிரோடு இருக்கிற, பாதிப் பேர் தலையில் வைத்துக் கொண்டாடுகிற, பாதிப் பேர் கரித்துக்கொட்டுகிற ஒருவரின் கட்டுரையில்தான். "இது நடுநிலையாக இல்லை" என்பார் ஒருவர். "நடந்ததைத்தானே எழுதியிருக்கிறேன்" என்பார் இன்னொருவர். பெரும்பாலும் இரண்டு பேருமே நல்ல எண்ணத்தோடுதான் வருகிறார்கள். இப்படிப்பட்ட பக்கங்களில் பல வருடம் உழன்றதில் எனக்குக் கைகொடுத்த முறைகளைச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால், ஆதாரமில்லாமல் ஒருவர் பெயரைக் கெடுக்கிற வரி இருந்தால் எடுத்துவிடுங்கள். பேசிவிட்டு எடுக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். 2005 மே மாதம் ஜான் சீகென்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரின் கட்டுரையில் யாரோ ஒரு பொய்யை எழுதிவைத்தார். அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி, அவர் தம்பி ராபர்ட் கென்னடி இருவரின் கொலையிலும் சீகென்தாலருக்கு நேரடித் தொடர்பு இருந்ததாகக் கொஞ்ச காலம் கருதப்பட்டது என்று. உண்மையில் அவர் ராபர்ட் கென்னடியிடம் உதவியாளராக இருந்தவர், அவருடைய சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஒருவர். அந்த வரி நான்கு மாதத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. என்னை உறுத்துவது அதற்கு அடுத்து வந்த வாக்கியம்: "எதுவும் நிரூபிக்கப்படவில்லை." மேலோட்டமாகப் படித்தால் இரு பக்கமும் சொன்ன மாதிரி இருக்கும். ஆனால் பழியைச் சுமத்திவிட்டு, பக்கத்திலேயே ஒரு சமாதானத்தையும் வைப்பதால் பழி போய்விடாது. வாழும் நபர்களைப் பற்றிய தனி விதிமுறை ஆங்கில விக்கிப்பீடியாவில் உருவானது இந்தச் சம்பவத்தை ஒட்டித்தான்.

ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால், அதாவது அடுத்தவர் செய்த மாற்றத்தை ரத்து செய்தால், ஆங்கில விக்கிப்பீடியாவில் தொகுக்கத் தடை வரலாம். வாழும் நபர் மீதான ஆதாரமற்ற அவதூறை நீக்குவது போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கை நம்பி இறங்காதீர்கள். உங்களுக்கு அவதூறாகத் தெரிவது நிர்வாகிக்கு வெறும் கருத்து வேறுபாடாகத் தெரியலாம். ஒரு தடவை நீக்குங்கள், மாற்றத்தைச் சேமிக்கும்போது வரும் தொகுப்புச் சுருக்கத்தில் காரணம் எழுதுங்கள், மறுபடி வந்தால் இத்தகைய சிக்கல்களை முறையிடும் அறிவிப்புப் பலகைக்குப் போங்கள்.

அப்புறம் ஆதாரம். மூன்று இணையதளங்களில் செய்தி வந்திருக்கிறது என்று இணைப்பு கொடுப்பார்கள். திறந்து பார்த்தால் மூன்றும் ஒரே செய்தி முகமையின் பத்தியை வரி மாறாமல் போட்டிருக்கும். அதை ஒரே ஆதாரமாகத்தான் எண்ண வேண்டும். நீதிமன்ற ஆவணத்தை நேரடியாக எடுத்து, அதை மட்டும் வைத்து வாழும் ஒருவரைப் பற்றி எழுதக் கூடாது. நம்பகமான ஒரு பத்திரிகையோ நூலோ அதைப் படித்து எழுதியிருந்தால், அதை மேற்கோள் காட்டலாம். அடுத்தவர் நடத்தும் வலைப்பூ, சமூக ஊடகப் பதிவு எதுவும் செல்லாது. அந்த நபரே தன்னைப் பற்றித் தன் பக்கத்தில் எழுதியதற்கு மட்டும், அதுவும் தற்பெருமை இல்லாத சாதாரணத் தகவலுக்கு, இடம் உண்டு. அதிகம் விற்கும் பத்திரிகை என்பதும் போதாது. பிரிட்டிஷ் நாளிதழான டெய்லி மெயிலை ஆதாரமாகக் காட்டுவதை ஆங்கில விக்கிப்பீடியா 2017-இல் பொதுவாகவே விலக்கிவிட்டது.

ஆதாரம் சரியாக இருந்தும் சண்டை தொடர்ந்தால், வினைச்சொல்லைப் பாருங்கள். நம் செய்தி நடையில் ஒருவர் வெறுமனே எதையும் சொல்வதில்லை. சாடுகிறார், குமுறுகிறார், மழுப்புகிறார், சமாளிக்கிறார், ஒப்புக்கொள்கிறார். "மழுப்பினார்" என்று எழுதியவுடனேயே அவர் பொய் சொல்கிறார் என்று நீங்கள் தீர்ப்புக் கொடுத்துவிட்டீர்கள். "கூறினார்" போதும். "என்று கூறப்படுகிறது" என்பது இதற்கு நேர் எதிர்ப் பக்கத்து ஆபத்து. கூறியது யார்? பெயர் போட முடிந்தால் போடுங்கள், முடியாவிட்டால் அந்த வரி வேண்டாம். "குற்றவாளி" என்ற சொல்லில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. கைதானவரையெல்லாம் அப்படிச் சொல்வது நாளிதழ்களில் சகஜம். தீர்ப்பு வரும்வரை அவர் குற்றஞ்சாட்டப்பட்டவர்தான். புகழும் பக்கத்திலும் இதே கவனம் வேண்டும். பெயருக்கு முன்னால் வரும் அடைமொழிகளும் பட்டங்களும் ரசிகர் மன்றத்துக்குப் பொருந்தும், கலைக்களஞ்சியத்துக்குப் பொருந்தாது.

ஒரு கட்டுரையை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். முதல் வரி இப்படி இருந்தது: "இவர் ஒரு ஊழல் அரசியல்வாதி." ஆதரவாளர் அதை "மக்கள் தலைவர்" என்று மாற்றினார். எதிர்ப்பாளர் திருப்பினார். நானும் நடுவில் புகுந்து "ஊழல் அரசியல்வாதி" என்ற வரிக்கே இரண்டு முறை மீளமைத்தேன். ஆதாரம் இருக்கிறதே என்று நினைத்தேன், அது என் தவறு. ஆதாரம் இருந்தது வழக்குக்கு. அந்த அடைமொழிக்கு இல்லை. கடைசியில், கட்டுரையைப் பற்றி விவாதிக்கிற பேச்சுப் பக்கத்தில் மூன்று வரி எழுதினேன். இப்போது இருக்கும் வாக்கியம் இது, ஆதாரம் சொல்வது இது, நான் முன்வைக்கும் வாக்கியம் இது. முன்வைத்தது: அவர் வகித்த பதவி முதல் வரியில், இன்ன ஆண்டில் இன்ன பிரிவில் வழக்குப் பதிவானது, அவர் மறுத்திருக்கிறார், விசாரணை நடக்கிறது என்பது முன்னுரையின் கடைசியில். ஆதரவாளர் "மறுத்திருக்கிறார்" என்பதற்கு மேற்கோள் கேட்டார். கொடுத்தேன். இரண்டு பேருக்கும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் இரண்டு பேருமே அந்த வாக்கியத்தில் பொய் இருப்பதாகச் சொல்லவில்லை, மீளமைப்பது நின்றது.

அதே கட்டுரையில் இன்னொரு சிக்கல், அளவு. இருபது வருட அரசியல் வாழ்க்கைக்கு இரண்டு பத்தி, ஒரு வாரப் பரபரப்புக்கு ஆறு பத்தி. ஒவ்வொரு வரியும் மேற்கோளோடு இருந்தாலும் மொத்தம் சாய்ந்துவிடும். நடுநிலை என்றால் ஆளுக்குப் பாதி என்று நினைக்கிறவர்கள் உண்டு. நம்பகமான நூல்களும் பத்திரிகைகளும் ஒரு விஷயத்துக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கின்றனவோ, அந்த விகிதம்தான் நமக்கும் அளவுகோல். "சர்ச்சைகள்" என்று தனித் தலைப்புப் போட்டு எல்லாவற்றையும் கொட்டுவதைவிட, எந்தக் காலத்தில் நடந்ததோ அந்தப் பகுதியிலேயே எழுதிவிடுவது நல்லது. அதற்காக, பல நம்பகமான இடங்களில் விரிவாக வந்த குற்றச்சாட்டை அந்த நபருக்குப் பிடிக்கவில்லை என்று நீக்கவும் கூடாது. பொது வாழ்வில் இருப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

பேசியும் ஒத்துவரவில்லை, இருப்பது நீங்கள் இரண்டு பேர் மட்டும் என்றால் மூன்றாவது ஒருவரின் கருத்தைக் கேளுங்கள். கூட்டம் அதிகமானால் மற்ற தொகுப்பாளர்களையும் அழைத்துக் கேட்கிற கருத்துக் கோரல் தொடங்கலாம், வழக்கமாக 30 நாள் திறந்திருக்கும். கேள்வியை ஒரே வரியில், சாய்வில்லாமல் எழுதுங்கள்; கேள்வியிலேயே வாதாடினால் அங்கேயே இன்னொரு சண்டை. தமிழ் விக்கிப்பீடியாவில் பொது விவாதப் பக்கமான ஆலமரத்தடியில் கேட்டால் அனுபவமுள்ளவர்கள் வருவார்கள். "நடுநிலை கேள்விக்குரியது" என்ற வார்ப்புருவை (கட்டுரையின் மேலே தெரியும் அறிவிப்புப் பெட்டியை) ஒட்டினால், எந்த வரி, ஏன் என்று பேச்சுப் பக்கத்தில் எழுதிவிட்டுப் போங்கள்.

சில நேரம் கட்டுரைக்குரியவரோ அவர் அலுவலகமோ வருவார்கள், கோபமாகத்தான் வருவார்கள். விதி எண்களை அவர்கள் மேல் எறியாதீர்கள். அவர்கள் பெயர், அவர்கள் வாழ்க்கை, பதறுவது நியாயம். எந்த வாக்கியம் தவறு, அதற்கு வெளியான ஆதாரம் உண்டா என்று கேளுங்கள். நேரடியாகத் தொகுக்காமல் பேச்சுப் பக்கத்தில் கோரச் சொல்லுங்கள். காசு வாங்கித் தொகுக்கிறவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது 2014 முதல் பயன்பாட்டு விதிமுறையிலேயே இருக்கிறது.

சண்டை ஓய்ந்த பிறகும் அந்தப் பக்கத்தை, புதிய மாற்றங்களைக் காட்டும் கவனிப்புப் பட்டியலில் வைத்திருங்கள். வழக்கு பற்றி நான் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை நாட்காட்டியில் நினைவூட்டல் வைத்திருக்கிறேன். போன முறை ஒன்றைத் திறந்தபோது தீர்ப்பு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது, விடுதலை. கைதைச் சேர்க்க அன்றைக்கு அத்தனை பேர் முந்தியிருந்தார்கள். இதை யாரும் சேர்த்திருக்கவில்லை. முன்னுரையிலும் உள்ளேயும் இரண்டு வரியை மாற்றி, தீர்ப்புச் செய்தியை மேற்கோளாகப் போட்டேன். பத்து நிமிடம் ஆனது.