அறையில் அதிர்ந்த பீட் போனில் ஏன் படுத்துவிடுகிறது?

மூன்று இரவு உட்கார்ந்து ஒரு பீட்டை, அதாவது ராப் பாட்டுக்கான பின்னணி இசையை, முடித்தேன். என் அறையில் போட்டால் ஜன்னல் கம்பி அதிரும். அதில் ராப் பாடப்போகிற நண்பன் டீக்கடை வாசலில் நின்றபடி போன் ஸ்பீக்கரிலேயே போட்டுக் கேட்டான். பக்கத்தில் நான். டொம்மென்று விழும் கிக் டிரம் இல்லை, அடிக்குரலான பேஸ் இல்லை. ஹை-ஹேட் தாளத்தட்டு மட்டும் தகர டப்பாவில் அரிசி விழுகிற மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. "என்னடா, இன்னும் ஆரம்பிக்கவே இல்லையா?" என்றான். ஆரம்பித்து முப்பது விநாடி ஆகியிருந்தது.

மெட்டும் நன்றாகத்தான் இருந்தது, தாளமும் சரிதான். மிக்ஸ்தான் சொதப்பல். எந்த ஒலி முன்னால் நிற்க வேண்டும், எது பின்னால் போக வேண்டும், எது யாருக்கு வழிவிட வேண்டும் என்று முடிவு செய்வதுதான் மிக்ஸிங். அந்த முடிவை எடுப்பது காது. அந்தக் காதையே ஏமாற்றுகிற சங்கதிகள் நிறைய. நான் செய்த தவறுகளில் பாதி அந்த ஏமாற்றத்தில் விளைந்தவை.

முதல் ஏமாற்றுக்காரன் அறை. நம் வீடுகளில் பத்துக்குப் பத்து அறை சர்வ சாதாரணம். பத்தடி என்றால் ஏறக்குறைய 3.05 மீட்டர். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். கணக்குப் போட்டால் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 56 அதிர்வு) அலை கச்சிதமாக மாட்டிக்கொண்டு அங்கேயே ஆடும். கிக்கும், 808 என்கிற நீளமான பேஸும் குடியிருப்பதும் அதே வட்டாரத்தில்தான். உயரமும் பத்தடி என்றால் கேட்கவே வேண்டாம், மூன்று திசையிலும் ஒரே சிக்கல். சுவரை ஒட்டி அந்த அலை பலமாகக் கேட்கும், அறையின் நட்டநடுவில் கிட்டத்தட்டக் காணாமல் போகும். நடுவில் நாற்காலி போட்டு மிக்ஸ் செய்பவர் "பேஸ் பத்தலையே" என்று ஏற்றிக்கொண்டே போவார். காரில் போட்டால் கதவு கழன்றுவிடும். சுவரில் தலை சாய்த்து மிக்ஸ் செய்பவர் இதற்கு நேரெதிராகக் குறைத்துக்கொண்டே வருவார். நான் இரண்டாவது ரகம்.

சந்தேகம் இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். 55 ஹெர்ட்ஸ் சைன் அலையை (ஒரே அதிர்வெண் மட்டும் உள்ள சுத்தமான ஒலி) மிதமான சத்தத்தில் ஓடவிட்டு அறைக்குள் மெதுவாக நடங்கள். ஒரு மூலையில் வயிற்றைப் பிசையும், நடுவில் வந்தால் யாரோ அணைத்துவிட்ட மாதிரி இருக்கும். அதன்பிறகு அறையை நம்பவே மாட்டீர்கள். முட்டை அட்டை ஒட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். இந்த அலையின் நீளம் ஆறு மீட்டர், அட்டையை அது கண்டுகொள்ளாது. எதிர்ச் சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதத் தூரத்தில், பத்தடி அறை என்றால் நாலடிக்குக் கொஞ்சம் முன்னால், உட்கார்ந்து பார்க்கலாம். அப்புறம் பேஸ் பற்றிய எந்த முடிவையும் ஹெட்ஃபோனில் ஒருமுறை சரிபார்க்காமல் விடாதீர்கள்.

இரண்டாவது ஏமாற்று, சத்தம். பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்குக் கீழ் ஸ்தாயி சரியாக எட்டாது, சத்தம் ஏற ஏற அது நிரம்பி வழியும். அதனால் முழு வால்யூமில் எந்த மிக்ஸும் அமர்க்களமாகத்தான் இருக்கும். பக்கத்தில் ஒருவரோடு குரல் உயர்த்தாமல் பேச முடிகிற அளவில் வைத்து வேலை செய்யுங்கள். அந்த அளவிலும் கிக் தெரிந்தால் கிக் இருக்கிறது என்று அர்த்தம். ஒலியை மாற்றும் துணை மென்பொருளான ப்ளக்-இன் போடும்போதும் இதே ஏமாற்று நடக்கும். ஒலியின் கீழ், நடு, மேல் பகுதிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்யூவில் 3 டெசிபல் ஏற்றியதும் "ஆஹா" என்று தோன்றும். ஏற்றியதில் சத்தம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். வெளியேறும் அளவைப் பழைய சத்தத்துக்குச் சமமாகும்வரை குறைத்துவிட்டு ப்ளக்-இன்னை அணைத்துப் போட்டுப் பாருங்கள். பாதி நேரம் அணைத்ததே நன்றாக இருக்கும்.

சரி, கிக்கும் 808-ம். பீட் தயாரிப்பவர்கள் அதிகம் சொதப்புவது இங்கேதான். 1980-ல் ரோலண்ட் வெளியிட்ட டிஆர்-808 தாள இயந்திரத்தில் கிக் ஒலி நீண்டு ரீங்கரிக்கும். அதையே இழுத்து, சுருதி சேர்த்து, பேஸாக வாசிப்பதைத்தான் இன்று 808 என்கிறோம். அதாவது 808 என்பதே ஒரு கிக். அதன் தலையில் இன்னொரு கிக்கைப் போட்டால் ஒரே நாற்காலியில் இரண்டு பேர் உட்கார்ந்த கதை. ஒன்றின் அலை மேலே போகும்போது மற்றது கீழே போனால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். இருவரும் இருக்கிறார்கள், இருவருமே நம் காதில் விழ மாட்டார்கள். கிக் சேனலின் போலாரிட்டியை, அதாவது அதன் அலையின் மேல்கீழை, திருப்பிப் பாருங்கள். திருப்பியதும் பேஸ் கனத்தால், இதுவரை சண்டை நடந்துகொண்டிருந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

யார் முதலாளி என்று முதலில் முடிவு செய்யுங்கள். நான் பெரும்பாலும் 808-க்கே அடிப்பகுதியைக் கொடுத்துவிட்டு, கிக்கைக் குட்டையாக வெட்டி அதன் 'டக்' மட்டும் மேலே தெரியும்படி விடுவேன். கிக் விழும் நொடியில் 808 சில டெசிபல் குனிந்து வழிவிடும்படி சைட்செயின் போடலாம். குனிந்தது எழுந்திருக்கும் நேரத்தை வேகத்தை வைத்துக் கணக்கிடுங்கள். 140 பிபிஎம் (நிமிடத்துக்கு 140 அடி) வேகத்தில் ஒரு அடிக்குச் சுமார் 429 மில்லிவிநாடி, அதில் கால்பங்கு 107. அந்த அளவில் தொடங்கிக் காதால் திருத்தலாம். 808-ன் சுருதியையும் பாருங்கள். மெட்டு எஃப் சுருதியில் இருக்க, பேஸ் அரை ஸ்வரம் தள்ளி நின்றால் எந்த ஈக்யூவும் காப்பாற்றாது.

இப்போது டீக்கடைக்கு வருவோம். அந்த எஃப் ஸ்வரம் கீழ் ஸ்தாயியில் சுமார் 44 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கர் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெயருக்குத்தான் ஒலிக்கும். என் 808 சுத்தமான சைன் அலை, மேலே ஒன்றுமே கிடையாது. போனுக்கு வெளியே வர ஒரு துளியும் மிச்சமில்லை. ஆனால் காதுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. 44-ன் மடங்குகளான 220, 264, 308 என்று மேலே கேட்டால் போதும், அடியில் இல்லாத 44-ஐ மூளையே கேட்டதாக வைத்துக்கொள்ளும். அதனால் 808-ஐ ஒரு நகல் எடுத்து, அதில் டிஸ்டார்ஷன் கொடுத்து, அதாவது அலையைச் சிதைத்து அந்த மேல் மடங்குகளை வரவழைத்து, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, மூலத்தோடு கொஞ்சமாகக் கலந்தேன். பேஸை ஒரு டெசிபல்கூட ஏற்றவில்லை.

உறுமி, தவில் சாம்பிள் போடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. உறுமியின் முனகலும் 808-ன் இழுவையும் ஒரே ஜாதி, இரண்டும் சுருதி சரிந்து சரிந்து போகிற அடிக்குரல். சேர்த்து வைத்தால் சேறுதான். நான் உறுமி வருகிற இடத்தில் 808-ஐ நிறுத்திவிடுவேன். மிக்ஸில் மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவதைவிட அது சுலபம், கேட்பதற்கும் உறுமி திடீரென்று பெரிதாகத் தெரியும்.

இன்னொரு பெரிய தவறு, பீட்டை அது மட்டுமே முழுப்பாட்டு என்பதுபோல மிக்ஸ் செய்வது. அதன்மேல் ஒரு மனிதர் பாடப்போகிறார். குரலின் சொற்கள் தெளிவாவது 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில். அந்த இடம் முழுக்க சின்த்தும் கிடாரும் பரப்பி வைத்துவிட்டு "வாய்ஸ் சரியா உட்காரல" என்று பாடகரைக் குறை சொல்லக் கூடாது. வரிகூட வேண்டாம், பஸ் நிறுத்தங்களின் பெயரையாவது பீட்டின் மேல் வாய்விட்டுச் சொல்லிப் பதிவு செய்து கேளுங்கள். எங்கே முட்டுகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

எல்லா ஒலியும் சேர்ந்து வெளியேறும் மாஸ்டர் சேனலில் இருக்கும் லிமிட்டரையும் பாருங்கள், உச்சங்களை ஓர் அளவுக்கு மேல் போகவிடாமல் நசுக்கும் கருவி அது. எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை மென்பொருளில் லிமிட்டரோடு வரும் டெம்ப்ளேட் ஒன்று உண்டு. அதைத் திறந்து வேலை செய்பவர் பலருக்கு அது அங்கே உட்கார்ந்திருப்பதே தெரியாது. எல்லாம் நசுங்கி, தடிமனாக, 'ப்ரோ' மாதிரி கேட்கும். அதை எடுத்துவிட்டால் கிக் சிவப்பில் அடித்துக்கொண்டிருக்கும். நசுக்கிய பீட்டின்மேல் குரல் எண்ணெய் மாதிரி மிதக்கும். குரல் சேர்க்கப்போகிறவருக்கு லிமிட்டர் இல்லாமல், உச்சம் மைனஸ் 6 டெசிபல் அளவில் நிற்கும்படி 24 பிட் வேவ் கோப்பாகவும், முடிந்தால் கிக், பேஸ், மெலடி என்று தனித்தனி ஸ்டெம் கோப்புகளாகவும் கொடுங்கள். சத்தப் போட்டியில் ஜெயித்தும் பலனில்லை. ஸ்பாட்டிஃபை வழக்கமாக மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவுக்கு எல்லாப் பாட்டையும் கொண்டுவந்துவிடும். நசுக்கியதால் கிடைத்த சத்தத்தை அது பிடுங்கிக்கொள்ளும், நசுங்கல் மட்டும் உங்களிடம் மிஞ்சும்.

மற்றவை சில்லறைத் தவறுகள், ஆனால் சேர்ந்தால் பெருந்தொகை. ஒரு ஒலியை மட்டும் தனியாகக் கேட்கவைக்கும் சோலோ பட்டனை அழுத்தியே ஒவ்வொரு ஒலியையும் அழகுபடுத்துவது, அகலம் வேண்டுமென்று மெலடியின் ஒரு பக்கத்தைச் சில மில்லிவிநாடி தள்ளிவிட்டு ஒற்றை ஸ்பீக்கரில் அது உள்ளீடற்றுப் போவதைக் கவனிக்காமல் விடுவது, ரிவெர்ப் எனும் அறை எதிரொலியின் அடிப்பகுதியை வெட்டாமல் விடுவது. மாஸ்டரை மோனோவில் (இடம், வலம் இரண்டையும் ஒன்றாக்கி) போட்டு ஒரு முறை கேட்டால் இரண்டாவதாகச் சொன்னது அப்போதே பிடிபடும்.

அந்த பீட்டை மறுபடி மிக்ஸ் செய்ய ஒன்றரை மணி நேரம்தான் ஆனது. எல்லா ப்ளக்-இன்னையும் அணைத்து, ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடர்களை இறக்கி, 808-ல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றினேன். முடித்ததும் அதே கடை, அதே போன். தலையாட்டிக்கொண்டே கேட்டவன், "ஸ்நேர் கொஞ்சம் குத்துதுடா" என்றான். வீட்டுக்கு வந்து பார்த்தேன். குத்தத்தான் செய்தது. அந்த டிரம்மை 2 டெசிபல் இறக்கினேன்.