ஒரே அறை, இருபது பிள்ளைகள்: பால்வாடியில் விளையாட்டு நேரத்தை ஓட்டும் வழி

ஒரு டீச்சர், ஒரு ஆயா, ஒரே அறை, மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் இருபது பிள்ளைகள். தமிழ்நாட்டுப் பால்வாடிகள் பலவற்றில் நிலைமை இதுதான். இதற்குள் விளையாட்டு வழிக் கற்றல் நடக்குமா என்றால், நன்றாகவே நடக்கும். ஆனால் "போய் விளையாடுங்க" என்று பொம்மைக் கூடையைக் கவிழ்த்துவிட்டுப் பதிவேடு எழுத உட்கார்ந்தால் நடக்காது. பத்தாவது நிமிடம் பாதிப் பேர் ஓடிக்கொண்டிருப்பார்கள், இரண்டு பேர் அழுதுகொண்டிருப்பார்கள். எங்கே உட்காருவது, எதை எடுப்பது, எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று எதுவுமே தெரியாவிட்டால் பிள்ளைகள் வேறென்ன செய்வார்கள்?

பாய்தான் சுவர்

அறையைப் பிரிக்க அலமாரியும் தட்டியும் தேவையில்லை. ஆறடிக்கு நாலடி கோரைப்பாய் ஐந்து போதும். ஒரு பாய்க்கு நாலு பிள்ளைகள். சொப்புச் சாமான், மரக்கட்டை, விதை, மாவு, படப்புத்தகம் என்று ஒவ்வொரு பாய்க்கும் ஒரு வேலை. புத்தகப் பாய் ஜன்னலோரம் இருக்கட்டும். கட்டைப் பாயை வாசல் நடையில் போடவே கூடாது. கழிப்பறைக்கு ஓடும் பிள்ளை கட்டிய கோபுரத்தைத் தட்டிவிட்டால் அன்றைய நாள் போச்சு.

நாலு பேர்தான் என்று வாயால் சொல்லி நிறுத்த முடியாது. பாய்க்கு மேலே ஒரு கயிறு கட்டி, அதில் நாலு துணிக் கிளிப் மாட்டிவிடுங்கள். வருகிற பிள்ளை ஒரு கிளிப்பை எடுத்துத் தன் சட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டும். கயிற்றில் கிளிப் இல்லையென்றால் இடமில்லை, வேறு பாய்க்குப் போகலாம். நாலைந்து நாளில் பிள்ளைகளே ஒருவருக்கொருவர் சட்டம் பேச ஆரம்பித்துவிடுவார்கள். கிளிப்பை அழுத்தித் திறப்பது விரலுக்குப் பயிற்சியும் கூட. மூன்று வயதுக்காரர்களுக்கு முதலில் ஆயா மாட்டிவிட வேண்டியிருக்கும்.

பொருள் வாங்கும்போது விதவிதமாகத் தேடாதீர்கள். மூன்று வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பவன் கையில் உள்ளதுதான் வேண்டும். வேறு வேறு மாதிரி மூன்று லாரி இருந்தால் மூன்று சண்டை. ஒரே மாதிரி மூன்று லாரி இருந்தால் அங்கே ஒரு லாரி செட். இருக்கிற பொருளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வெளியே வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

நாற்பத்தைந்து நிமிடம்

இருபது நிமிட விளையாட்டு விளையாட்டே இல்லை. முதல் பத்து நிமிடம் பிள்ளை சுற்றிப் பார்க்கும், ஒரு பாயிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். கால் மணி நேரம் கழித்துத்தான் கொட்டாங்குச்சி குழம்புச் சட்டியாகும், யாரோ ஒருவர் மாமியார் ஆவார். அந்த நேரம் பார்த்து "எல்லாரும் எழுந்திருங்க" என்றால் கற்றல் தொடங்கும் இடத்திலேயே முடிந்துவிடும். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒவ்வொரு பாயாகப் போய், காதருகே குனிந்து சொல்லுங்கள். அறை நடுவில் நின்று கத்தினால் யார் காதிலும் ஏறாது.

விளையாட்டைக் காலையிலேயே வைத்துவிடுங்கள். வந்தவுடன் பாட்டு, பிறகு விளையாட்டு, அடுத்து வெளியே ஓட்டம், கை கழுவல், சாப்பாடு, தூக்கம் என்று வரிசை மாறாமல் இருந்தால் போதும். மணி பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு அந்த வரிசைதான் கடிகாரம்.

மாவு

கடைக் களிமண் வேண்டாம். மைதா 2 டம்ளர், தூளுப்பு 1 டம்ளர், எண்ணெய் 1 மேசைக்கரண்டி. தண்ணீர் முக்கால் டம்ளர் வரை பிடிக்கும், கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சப்பாத்தி மாவை விடச் சற்றுக் கெட்டியாகப் பிசையுங்கள். நிறத்துக்குத் தண்ணீரில் பீட்ரூட் சாறு கலக்கலாம். மஞ்சள்தூளும் ஆகும், ஆனால் சட்டையில் பட்ட கறைக்கு அம்மாக்களிடம் பதில் சொல்ல வேண்டிவரும். ஒரு பாய்க்கு இந்த அளவு தாராளம்.

உப்பு இருப்பதால் மாவு சீக்கிரம் கெடாது. அதே உப்பு மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை இழுத்து மாவைப் பிசுபிசுக்க வைக்கும். அப்போது ஒரு பிடி மைதா சேர்த்துப் பிசைந்தால் சரியாகும். விண்டு விண்டு போனால் எண்ணெயோ தண்ணீரோ போதவில்லை. இறுக மூடிய டப்பாவில் வையுங்கள், வாடை வந்தால் தூக்கிப் போடுங்கள். இவ்வளவு உப்பைப் பிள்ளை தின்னக் கூடாது, அதனால் சாப்பாட்டுக்கு முந்திய பசி நேரத்தில் மாவை எடுக்காதீர்கள்.

விதை

புளியங்கொட்டை, சோழி, மொச்சை எல்லாம் நல்ல பொருள்கள். குன்றிமணி அழகாக இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள், அது விஷம். ஆமணக்கு விதையும் அப்படியே. இரண்டு வயதுத் தம்பி தங்கைகள் வந்துபோகும் அறையில், மூன்று சென்டிமீட்டர் அகலக் குழாய்க்குள் நுழையும் எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. அவர்களுக்குப் பனங்கொட்டை கொடுங்கள். மூக்கிலோ காதிலோ விதை போய்விட்டால் குச்சியால் நோண்ட வேண்டாம், இன்னும் உள்ளே தள்ளிவிடும். மொச்சை ஈரத்தில் ஊதும் என்பதால் தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

எண்ணிப் போடப் பழைய இட்லித் தட்டைப் போல வசதியானது இல்லை. குழிக்கு ஒன்று, அப்புறம் குழிக்கு இரண்டு. ஐந்து வயதுக்காரர்கள் இதிலிருந்து பல்லாங்குழிக்குப் போய்விடலாம். ஏழேழு குழி, குழிக்கு ஐந்து என்று முழு ஆட்டம் வேண்டாம், பக்கத்துக்கு மூன்று குழி போதும்.

தண்ணீர்

இதைத் திண்ணையில்தான் வைக்க வேண்டும், பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தே ஆக வேண்டும். குனிந்து விழுந்த பிள்ளைக்குச் சாண் ஆழத் தண்ணீர்கூட ஆபத்து. ஒரு தொட்டி, ஒரு அரைப்படி, ஒரு ஆழாக்கு, ஒரு புனல், ஒரு வடிகட்டி.

அரைப்படிக்கு நாலு ஆழாக்கு. நாலு வயதுப் பிள்ளை ஊற்றினால் ஆறு வரும், ஏழும் வரும்; ஆழாக்கு நிரம்பியிருக்காது, பாதி வழியில் கொஞ்சம் சிந்தியும் இருக்கும். "நாலுதான், தப்பா எண்ணிட்டே" என்று சொன்னால் விளையாட்டு பரீட்சையாகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஊற்றுங்கள், ஒவ்வொரு முறையும் விளிம்புவரை நிரப்பி. "எனக்கு நாலுலயே ரொம்பிருச்சு, உனக்கு ஏன் ஆறு ஆச்சு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனம்தான் கஷ்டம். பிள்ளை உங்கள் ஆழாக்கைப் பார்க்கும், தன்னுடையதைப் பார்க்கும், பதில் சொல்லாமலே இன்னும் கொஞ்சம் தண்ணீர் மொண்டு விளிம்புவரை நிரப்பும்.

மற்ற பாய்களிலும் இதே பேச்சுதான். "இது என்ன கலர்?" என்று கேட்டால் ஒரு சொல்லில் பதில் வரும். "இந்தக் கோபுரம் ஏன் சாயுது?" என்றால் கை வேலை செய்யும். சொப்புப் பாயில் கேள்வியே வேண்டாம். "டீ ஒண்ணு குடுங்க, சர்க்கரை கம்மியா" என்று வாடிக்கையாளராக உட்கார்ந்துகொண்டால் மீதியைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

"எழுத்து எப்போ சொல்லித் தருவீங்க?"

எந்தப் பெற்றோரும் கேட்பது இது. விரல் பலப்படாத பிள்ளைக்குப் பென்சிலைத் திணித்தால் முழு முஷ்டியால் பிடித்து அழுத்தி எழுதும், பக்கத்தில் பாதி கிழிந்துவிடும், பிடியும் அப்படியே பழகிவிடும். மாவைக் கிள்ளுவது, கிளிப் மாட்டுவது, புனலில் ஊற்றுவது எல்லாமே பென்சில் பிடிக்கும் வேலைதான். தாம்பாளத்தில் ரவை பரப்பி விரலால் கோடு போடச் சொல்லுங்கள். நேர்கோடு வந்த பிறகு ட, ப, ம. அ, இ போன்ற சுழி எழுத்துகள் அப்புறம். இதை வாயால் விளக்குவதை விட, மாதம் ஒரு நாள் பெற்றோரை அரைமணி நேரம் பாயில் உட்கார வைப்பது பலன் தரும். தண்ணீர்த் தொட்டி அருகே உட்காரும் அப்பா தானே எண்ண ஆரம்பிப்பார்.

முடிக்கும்போது

பொருளை எடுத்து வைப்பதும் விளையாட்டில் சேர்த்திதான், அதை ஆயாவின் தலையில் கட்டாதீர்கள். டப்பாவின் மேல் உள்ளிருக்கும் பொருளின் படம் ஒட்டியிருந்தால் மூன்று வயதுப் பிள்ளையும் சரியான இடத்தில் வைக்கும். காலையில் 50 புளியங்கொட்டை போட்டிருந்தால் 50 திரும்ப வர வேண்டும். குறைந்தால் பாயை உதறித் தேடிய பிறகுதான் அடுத்த வேலை. தண்ணீர்த் தொட்டியை அன்றைக்கே கொட்டிக் கவிழ்த்து வையுங்கள், இல்லாவிட்டால் கொசுப்புழு வந்துவிடும். வெளியே மணல் குவியல் இருந்தால் மேலே சாக்கைப் போட்டு மூடிவிட்டுப் போங்கள். மூடாவிட்டால் இரவில் தெருப் பூனைகள் அதைக் கழிப்பறையாக்கிவிடும்.