தீயணைப்பானை அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள்

வீட்டுக்குத் தீயணைப்பான் வாங்குகிறவர்கள் பலர் அதை அடுப்புக்குப் பக்கத்துச் சுவரிலேயே மாட்டிவிடுகிறார்கள். தீப்பிடித்தால் அங்கே கையை நீட்டவே முடியாது. சமையலறை வாசலுக்கு அருகில், வெளியேறும் வழியில் இருக்கட்டும். வீட்டுக்கு, பல வகைத் தீயையும் அணைக்கும் ஏபிசி வகை உலர்பொடித் தீயணைப்பான் போதும்.

மாதம் ஒருமுறை தீயணைப்பானில் உள்ள அழுத்த மீட்டரைப் பாருங்கள், முள் பச்சைப் பகுதியில் நிற்க வேண்டும். பயன்படுத்தும்போது பிடியில் உள்ள பாதுகாப்பு ஊசியை (பின்) இழுத்துவிட்டு, தீயின் அடிப்பாகத்தைக் குறிவைத்து, பிடியை அழுத்தியபடி இடமும் வலமுமாக அடிக்க வேண்டும். கொழுந்தின் மேல் அடித்தால் வீண். சிறிய தீயணைப்பான் சுமார் 10 நொடியில் காலியாகிவிடும். அதனால் உங்கள் முதுகு எப்போதும் வாசல் பக்கம் இருக்கட்டும். தீ அடங்காவிட்டால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது, குபீரென்று சிதறும். அடுப்பை அணைத்து, தட்டையான உலோக மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள்.

புகை அலாரம் இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனையும் மாதாமாதம் அழுத்திப் பாருங்கள். அப்புறம் டார்ச்: பேட்டரியை உள்ளேயே போட்டு வைத்தால் கசிந்து முனைகள் அரித்துப்போகும். கழற்றி, டார்ச்சோடு ஒரே உறையில் வையுங்கள். முதலுதவிப் பெட்டியில் மருந்துகளின் காலாவதித் தேதியையும் பார்த்துவிடுங்கள்.

மெயின் சுவிட்சும் கேஸ் வால்வும் எங்கே, எப்படி மூடுவது என்று பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் இன்றே காட்டிவிடுங்கள்.