வெளிச்சமும் காணியும்: வட்டார வேட்பாளர் விஞ்ஞாபனம் எழுதும் முறை

யாழ்ப்பாணத்தில் மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ நிற்பவர் பொதுப் பாதுகாப்பையும் வீடற்றோரையும் பற்றி எழுத முன், ஒரு தாளின் நடுவே கோடு போட வேண்டும். ஒரு பக்கம் சபையின் கையில் இருப்பவை: தெருவிளக்கு, ஒழுங்கை, வடிகால், குப்பை, பொதுக் கழிப்பறை, கட்டட அனுமதி. மறுபக்கம் இல்லாதவை: பொலிஸ், அரச காணி, வீட்டுத்திட்டம். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வந்தும் பொலிஸ் அதிகாரம் மாகாணத்துக்கே நடைமுறையில் கிடைக்கவில்லை. அப்படியிருக்க, வட்டார உறுப்பினர் ‘வாள்வெட்டை ஒழிப்பேன்’ என்று அச்சடிப்பது சனத்தை ஏமாற்றுவது. மறுபக்க விடயங்களுக்கு ‘செய்வேன்’ என்ற சொல்லே வேண்டாம். எந்த அலுவலகத்துக்கு, எந்தக் கோரிக்கையோடு போவீர்கள் என்று எழுதுங்கள்.

வெளிச்சம் பெரும்பாலும் உங்கள் பக்கம். இரவு 7 மணிக்குப் பின் ஒவ்வொரு ஒழுங்கையாக நடந்து கம்ப இலக்கங்களைப் பதியுங்கள். விளக்கே இல்லாதது, இருந்தும் எரியாதது, மரக்கிளை மறைத்தது என மூன்றாகப் பிரியுங்கள். ஏனெனில் மூன்றுக்கும் செலவு வேறு. கிளை மறைத்த இடத்தில் கத்தியும் ஏணியும் போதும், ஆனால் கம்பியைத் தொடும் கிளையை மின்சாரப் பகுதியினரே வெட்ட வேண்டும். பகலிலும் ஒருக்கா நடவுங்கள். வெயிலில் எரிந்துகொண்டிருக்கும் விளக்கின் சென்சர் பழுது. அதை விட்டால் விளக்கின் ஆயுளும் குறையும், மின்செலவும் ஏறும். புது விளக்குத்தான் தாமதமாகும்: விளக்கு சபையுடையது, கம்பம் மின்சாரப் பகுதியினருடையது, அனுமதி வேண்டும். எதை முதலில் போடுவது? ரியூசன் முடிந்து பிள்ளைகள் சைக்கிளில் வரும் ஒழுங்கையை.

ஆளில்லாமல் பற்றை வளர்ந்து கிடக்கும் காணிகளும் வெளிச்சத்தைப் போலவே முக்கியம். உரிமையாளர் வெளிநாட்டில் என்றால் துப்புரவாக்கச் சொல்லிச் சபை அனுப்பும் அறிவித்தல் வாங்க ஆளில்லாமல் திரும்பும். சோலைவரி (சபை அறவிடும் ஆதன வரி) பதிவில் உரிமையாளர் பெயரோடு, இங்கே காணியைப் பார்ப்பவரின் தொலைபேசி இலக்கத்தையும் சேர்ப்பதாக எழுதுங்கள்.

வீடற்றோர் என்று ஒரே சொல்லில் முடிக்க வேண்டாம். பஸ் நிலையத்தில் படுக்கும் முதியவர், 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, படையினர் பிடித்த காணி இன்னும் விடுபடாதவர், உறவினர் வளவில் தகரக் கொட்டில் போட்டிருப்பவர் ஆகிய மூவரின் தேவையும் ஒன்றல்ல. முதலாமவரை ‘அகற்றுவோம்’ என்று ஒருபோதும் எழுதாதீர்கள். வீடில்லாமையைக் குற்றமாக்கும் அந்தப் பார்வை 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்துடையது. அவருக்குச் சபை உடனே தரக்கூடியது இரவில் பூட்டாத கழிப்பறையும் தண்ணீரும். முதியோர் இல்லத்தில் இடம் தேடப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் போக வேண்டும். இரண்டாமவரின் காணி மத்திய அரசின் கையில். சபையில் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பலாம், அதற்கு மேல் வாக்குக் கொடுக்காதீர்கள்.

மூன்றாமவருக்குத்தான் நீங்கள் அதிகம் செய்யலாம். வீட்டுத்திட்டப் பெயர்ப் பட்டியலில் அவர் தவறிப்போவதற்குப் பெரும்பாலும் காணி உறுதிப் பத்திரம்தான் காரணம். காணி பாட்டனின் பெயரில் இன்னும் பிரிபடாத பங்காகக் கிடக்கும். பங்காளிகள் கனடாவிலும் பிரான்சிலும் இருப்பார்கள். எல்லாரும் உடன்பட்டால், வெளியிலுள்ளவர்கள் அற்றோணித் தத்துவம் (தமக்காகக் கையொப்பமிட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) அனுப்ப, நொத்தாரிசு முன் பங்கீட்டு உறுதி முடிக்கலாம். ஒருவர் மறுத்தாலும் பிரிவினை வழக்கு, ஆண்டுக்கணக்கில் இழுபடும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை சனசமூக நிலையத்தில் நடமாடும் சேவை என்று எழுதுங்கள். கிராம அலுவலர், காணி உத்தியோகத்தர், நொத்தாரிசு, சட்ட உதவி ஆணைக்குழுச் சட்டத்தரணி நால்வரையும் ஒரே நாளில் அழையுங்கள். ஒருவர் குறைந்தாலும் சனம் வெறுங்கையோடு திரும்பும்.

அச்சுக்குக் கொடுக்க முன் கணக்கைப் பாருங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, சென்ற ஆண்டு விளக்குக்கு ஒதுக்கியதும் செலவழித்ததும் எவ்வளவு என்று சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவுக்கே 14 வேலை நாட்கள் வரை போகும். வேட்புமனுவுக்கு முன்பே விண்ணப்பித்தால்தான் பதில் கைக்கு வரும். கம்பப் பட்டியலைத் துண்டுப்பிரசுரத்தின் பின்பக்கத்தில் இலக்கத்தோடு அச்சடியுங்கள்.