போஸ்டரை முதலில் ஏ4 தாளில் பாருங்கள்

கருத்தரங்குக்கு ஏ0 அளவில் (841 × 1189 மி.மீ.) ஆய்வுப் போஸ்டர் தயாரிக்கிறீர்களா? கடைக்கு அனுப்புமுன் அதே கோப்பை ஏ4 தாளில் அச்செடுத்துப் பாருங்கள். நீளமும் அகலமும் கால்பங்காகச் சுருங்கும். 24 பாயின்ட் எழுத்து 6 பாயின்ட் ஆகிவிடும். கையில் பிடித்தும் படிக்கச் சிரமமாக இருந்தால், தள்ளி நின்று பார்ப்பவருக்குப் போஸ்டரும் அப்படித்தான் இருக்கும். எழுத்தைப் பெரிதாக்குங்கள், இடம் போதாவிட்டால் முன்னுரையை வெட்டுங்கள், வரைபடத்தில் கை வைக்காதீர்கள்.

தலைப்பிலேயே முடிவைச் சொல்லிவிடுவது எனக்குப் பிடித்த வழி. ‘மண்புழு உரத்தின் தாக்கம்: ஓர் ஆய்வு’ என்பதைவிட ‘மண்புழு உரமிட்ட தக்காளி கூடுதலாகக் காய்த்தது’ என்றால் ஆள் நின்று பார்ப்பார்.

அப்புறம், எழுத்துருவை உட்பொதித்த பிடிஎஃப் கோப்பாகவே கொடுங்கள். இல்லையென்றால் கடைக் கணினியில் தமிழ் எழுத்துகள் கட்டங்களாகிவிடக்கூடும்.