அரியரோடு நின்ற படிப்பை மிச்சிகனில் கட்டணமில்லாமல் தொடர்வது எப்படி

பி.காம். மூன்றாம் வருடத்தில் எனக்குக் காஸ்ட் அக்கவுண்டிங்கில் அரியர் விழுந்தது. எழுதி முடிப்பதற்குள் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அப்புறம் மிச்சிகன், கணவரைச் சார்ந்த ஹெச்-4 விசா, இரண்டு பிள்ளைகள், கிரீன் கார்டுக்கான நீண்ட காத்திருப்பு. இருபது வருடம் கழித்து, 2025 இலையுதிர் காலத்தில்தான், டெட்ராய்ட் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜ் ஒன்றில் அக்கவுண்டிங் அசோசியேட் டிகிரிக்கு, அதாவது இரண்டு வருடப் பட்டத்துக்கு, சேர்ந்தேன். டியூஷனுக்கென்று என் கையிலிருந்து இதுவரை ஒரு டாலர்கூடப் போகவில்லை. புத்தகச் செலவு மட்டும்தான் என்னுடையது.

தமிழ்ப் பள்ளி வாசலில் இதைச் சொன்னால் உடனே வரும் கேள்வி, "உங்க வீட்டுக்காரர் ஐ.டி.ல இருக்காரே, உங்களுக்கு எப்படிக் குடுத்தாங்க?" என்பதுதான். சம்பளம் அதிகம், நமக்குக் கிடைக்காது என்று முடிவு செய்துகொண்டு விண்ணப்பமே போடாமல் விட்டவர்கள் எனக்குத் தெரிந்து ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு டியூஷன் கட்டுவது மிச்சிகன் ரீகனெக்ட். கம்யூனிட்டி காலேஜ் டியூஷனுக்காக 2021 பிப்ரவரியில் மாநில அரசு தொடங்கிய உதவி இது. வயது 25 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ஒரு வருடமாவது மிச்சிகனில் குடியிருந்திருக்க வேண்டும். பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும், ஆனால் கல்லூரிப் பட்டம் எதையும் முடித்திருக்கக் கூடாது. வருமான வரம்பு கிடையாது. கணவர் எவ்வளவு சம்பாதித்தாலும் இதற்குத் தடையில்லை. பகுதி நேரமாகவும் படிக்கலாம்.

இதில் நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் அந்தப் "பட்டம் முடித்திருக்கக் கூடாது" என்பதுதான்.

நம் வீடுகளில் பி.காம். சேர்ந்தாலே "பி.காம். படிச்ச பொண்ணு" என்றாகிவிடும். என் கல்யாண பயோடேட்டாவிலும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். இங்கே மத்திய அரசின் நிதியுதவி விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தபோது, "படிப்பைத் தொடங்கும்போது உங்களிடம் ஏற்கெனவே பேச்சிலர் டிகிரி இருக்குமா?" என்ற கேள்வி வந்தது. பக்கத்தில் இருந்த என் கணவர் யோசிக்காமல் "ஆமாம்" பக்கம் மவுஸைக் கொண்டுபோனார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். மூன்று வருடம் கல்லூரிக்குப் போனேன் என்பது உண்மை. ஆனால் எல்லாத் தாளும் தேறாமல் பல்கலைக்கழகம் பட்டம் கொடுப்பதில்லை. எனக்குப் பட்டம் இல்லை. அதனால் சரியான பதில் "இல்லை". பழைய வழக்கப்படி "ஆமாம்" என்று விட்டிருந்தால் வருமானம் குறைந்தவர்களுக்கு மத்திய அரசு தரும், திருப்பிக் கட்டத் தேவையில்லாத பெல் கிராண்டுக்கும் ரீகனெக்ட்டுக்கும் அங்கேயே கதவு சாத்தியிருக்கும்.

உங்கள் நிலை என்ன என்று பார்க்க, ஊரில் பீரோவில் இருக்கும் ஃபைலைத் திறக்கச் சொல்லுங்கள். ப்ரொவிஷனல் சான்றிதழோ பட்டச் சான்றிதழோ இருந்தால் உங்களுக்குப் பட்டம் உண்டு. இரண்டும் இல்லாமல், மார்க் ஷீட்டில் ஏதோ ஒரு தாளுக்கு எதிரே "ஆர்.ஏ." என்றோ "ஃபெயில்" என்றோ நின்றுபோயிருந்தால் பட்டம் இல்லை. எல்லாம் தேறி, பட்டமளிப்பு விழாவுக்கு மட்டும் போகாதவர்கள் கவனியுங்கள்: சான்றிதழ் வாங்காவிட்டாலும் நீங்கள் பட்டம் முடித்தவர்தான். பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர்கள், அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று காலேஜின் நிதியுதவி அலுவலகத்தில் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் வாங்கிய டிகிரி இங்கே யாருக்குத் தெரியப்போகிறது என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். வெளிநாட்டில் வாங்கிய பேச்சிலர் டிகிரியும் டிகிரிதான். மத்திய அரசின் படிவத்தில் கையெழுத்துப் போட்டுச் சொல்கிற விஷயம் இது. இருப்பதை மறைக்கவும் வேண்டாம், இல்லாததை இருப்பதாகச் சொல்லிக்கொள்ளவும் வேண்டாம்.

பள்ளிப் படிப்புக்குச் சான்று பிளஸ் டூ மார்க் ஷீட். என்னுடையது மதுரையில் அக்கா வீட்டில் இருந்தது. வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினாள். ஓரம் வெட்டுப்பட்டு, முத்திரை மங்கி வந்தது. அதை ஏற்கவில்லை. கடையில் கொடுத்து இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து அனுப்பச் சொன்னேன், சரியாகிவிட்டது. சில காலேஜ்கள் இதை வெளிநாட்டுச் சான்றிதழ்களை மதிப்பிடும் நிறுவனம் மூலம் அனுப்பச் சொல்லும். அதற்குத் தனியாகக் காசு ஆகும், நாளும் ஆகும். எனவே முதலில் காலேஜில் கேட்டுவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.

பெயர்தான் பெரிய தலைவலி. மார்க் ஷீட்டில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல் ஒற்றை எழுத்தாக நிற்கிறது. சோஷியல் செக்யூரிட்டி கார்டில் கணவர் பெயர் கடைசிப் பெயராக இருக்கிறது. டிரைவர் லைசென்ஸில் இன்னொரு மாதிரி, இரண்டு பெயருக்கும் நடுவே இடைவெளி இல்லாமல். மத்திய நிதியுதவிக் கணக்கைத் திறக்கும்போது லைசென்ஸைப் பார்த்து அடித்தேன், பொருந்தவில்லை என்று திரும்பிவிட்டது. சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் எப்படிப் பதிவாகியிருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியேதான் அடிக்க வேண்டும். திருத்தி, அது சரிபார்க்கப்பட்டு வர நான்கு நாள் ஆனது.

அந்த மார்க் ஷீட்டில் இருப்பவளும் நானும் ஒரே ஆள்தான் என்று காலேஜுக்கு எப்படிக் காட்டுவது? இந்தியப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அப்பா பெயர், அம்மா பெயர், கணவர் பெயர் மூன்றும் அடுத்தடுத்த வரியில் இருக்கும். அந்தப் பக்கத்தையும் கல்யாணச் சான்றிதழையும் சேர்த்து அனுப்பினேன். மறுநாளே ஏற்றுக்கொண்டார்கள். அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர்களும் ரத்தான பழைய பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இனி ஃபாஃப்ஸா. இது மத்திய அரசின் நிதியுதவி விண்ணப்பம், முற்றிலும் இலவசம். நிரப்பித் தருகிறேன் என்று காசு கேட்பவர்களிடம் போகாதீர்கள். பெல் கிராண்ட் கிடைக்காது என்று நூறு சதவீதம் தெரிந்தாலும் இதைப் போட்டே ஆக வேண்டும், ஏனென்றால் ரீகனெக்ட் பணம் ஃபாஃப்ஸா இல்லாமல் வராது. நம்மில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். குடியுரிமை உள்ளவர்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் போடலாம். ஹெச்-4, ஹெச்-1பி, எல்-2 விசாவில் இருப்பவர்களுக்கு இந்த உதவி இல்லை. நான் அந்த நிலையில் பல வருடம் இருந்தவள், அந்த வருத்தம் எனக்குத் தெரியும். கார்டு வரும்வரை பிளஸ் டூ சான்றையும் பெயர் விவகாரத்தையும் சரிசெய்து வைத்துக்கொள்ளுங்கள், வந்ததும் நாளை வீணாக்காமல் போடலாம்.

கல்யாணமானவர்களிடம் பெற்றோரின் வருமானத்தைக் கேட்பதில்லை. வருமானம் இரண்டு வருடத்துக்கு முந்தையது: 2025-26 படிப்புக்கு 2023ஆம் ஆண்டு வரிக் கணக்கு. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே வரிக் கணக்குத் தாக்கல் செய்திருந்தால் கணவர் தனியாகக் கணக்குத் திறக்க வேண்டாம். தனித்தனியாகத் தாக்கல் செய்திருந்தால் அவரும் திறந்து ஒப்புதல் தர வேண்டும். வரி விவரத்தை வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸிலிருந்து எடுத்துக்கொள்ளச் சம்மதமா என்று ஒரு இடத்தில் கேட்கும். அதற்குச் சம்மதம் சொல்லாவிட்டால் மத்திய உதவி எதுவும் கிடையாது. எனக்கு மொத்தமாக முக்கால் மணி நேரம் பிடித்தது.

அந்த வரிக் கணக்கு வருடத்தில் நல்ல சம்பளம், இப்போது வேலை போய்விட்டது என்றால்? படிவத்தில் பழைய வருமானமே இருக்கட்டும். அப்புறம் காலேஜ் நிதியுதவி அலுவலகத்துக்குப் போய், சூழ்நிலை மாறிவிட்டது, வருமானத்தை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று கேளுங்கள். வேலை நீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு இரண்டையும் கொண்டுபோங்கள். கணக்கை மாற்றிப் பார்க்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. வாகன உதிரிபாக நிறுவனங்களில் ஆட்குறைப்பு நடக்கும் இந்த ஊரில் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ரீகனெக்ட்டுக்கு மாநில அரசின் பக்கத்தில் தனியாக ஒரு சிறு விண்ணப்பம். அது பத்து நிமிட வேலை.

பணம் எந்த வரிசையில் வருகிறது என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு செமஸ்டர் டியூஷன் 1,800 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பெல் கிராண்டில் 1,200 வந்தால் அது முதலில் போகும், மீதி 600ஐ ரீகனெக்ட் கட்டும். எனக்கு வந்ததுபோல் பெல் பூஜ்யம் என்றால் முழு 1,800உம் ரீகனெக்ட்டே. பெல் 2,500 வந்தால் ரீகனெக்ட்டுக்கு வேலையில்லை, டியூஷன் போக மிஞ்சும் 700 உங்கள் கைக்கு வரும், புத்தகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். 2025-26இல் பெல்லின் உச்ச அளவு வருடத்துக்கு 7,395 டாலர். அது செமஸ்டருக்கு 12 கிரெடிட் (முழு நேரப் பாட அளவு) எடுப்பவருக்கு. 6 கிரெடிட் எடுத்தால் பாதி.

ரீகனெக்ட் கட்டுவது உள்ளூர்க் கட்டணத்தை மட்டும், அதாவது காலேஜின் எல்லைக்குள் குடியிருப்பவர்களுக்கான கட்டணத்தை. கேன்டனில் இருக்கும் என் தோழிக்கு ஸ்கூல்கிராஃப்ட் காலேஜ்தான் உள்ளூர். அவள் ஆன் ஆர்பரில் இருக்கும் வாஷ்டெனா காலேஜுக்குப் போனால் வெளியூர்க் கட்டணத்துக்கும் உள்ளூர்க் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். சேர்வதற்கு முன் உங்கள் முகவரி எந்தக் காலேஜின் எல்லையில் வருகிறது என்று கேட்டுவிடுங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் ஆகஸ்டில் எனக்கு முழுத் தொகைக்கும் பில் வந்தது. காரணம், சேர்க்கைப் படிவத்தில் "எதற்காகச் சேர்கிறீர்கள்" என்ற இடத்தில் "சொந்த விருப்பத்துக்காக" என்று குறித்திருந்தேன். முதலில் ஒரு வகுப்பு போய்ப் பார்ப்போம் என்ற தயக்கம். டிகிரியோ தகுதியுள்ள சான்றிதழ் படிப்போ குறிப்பிடாதவர்களுக்கு எந்த உதவியும் பில்லில் ஏறாது. காலேஜ் அதைச் சொல்லி இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது, ஆனால் காலேஜ் கொடுத்த முகவரிக்கு. நான் பார்த்துக்கொண்டிருந்ததோ என் ஜிமெயிலை. பணம் கட்டும் கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் நேரில் போய்ப் படிப்பை "அக்கவுண்டிங் அசோசியேட் டிகிரி" என்று மாற்றினேன். அன்று மாலையே பில் பூஜ்யம் ஆனது. கெடு தாண்டியிருந்தால் வகுப்பிலிருந்து பெயரை எடுத்திருப்பார்கள். அதனால் சேர்ந்த அன்றே காலேஜ் மின்னஞ்சலை ஃபோனில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் செமஸ்டரில் இரண்டு பாடத்துக்கு மேல் எடுக்காதீர்கள் என்பது என் கருத்து. பெல் வாங்கிக்கொண்டு, செமஸ்டரில் 60 சதவீதம் கடப்பதற்கு முன் எல்லா வகுப்பையும் விட்டால் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டிவரும். எடுத்த கிரெடிட்டில் மூன்றில் இரண்டு பங்காவது முடித்து, மதிப்பெண் சராசரி (ஜி.பி.ஏ.) 2.0க்குக் குறையாமலும் இருந்தால்தான் பெரும்பாலான காலேஜ்களில் உதவி தொடரும். பிள்ளைக்குக் காய்ச்சல், ஊரில் மாமியாருக்கு ஆபரேஷன் என்று எது வந்தாலும், வகுப்பை விடுவதற்கு முன் நிதியுதவி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

புத்தகத்துக்கு நூலகத்தில் அங்கேயே உட்கார்ந்து படிக்கும் பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். அமெரிக்கன் ஆப்பர்சூனிட்டி வரிச்சலுகையில் நீங்கள் சொந்தமாகக் கட்டிய புத்தகச் செலவும் சேரும். இருவர் வருமானமும் சேர்ந்து 1,80,000 டாலரைத் தொட்டால் இது கிடைக்காது. அரசு கட்டிய டியூஷனை இதில் காட்டக் கூடாது.

டிகிரி முடித்தவர்களுக்கு பெல்லும் ரீகனெக்ட்டும் இல்லைதான். ஆனால் வேலை செய்யும் இடத்தில் படிப்புக்குப் பணம் தருகிறார்களா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். வருடத்துக்கு 5,250 டாலர் வரை அதற்கு வரி கிடையாது. லைஃப்டைம் லேர்னிங் வரிச்சலுகை ஒரே ஒரு வகுப்பு எடுத்தாலும் உண்டு, வருடத்துக்கு 2,000 டாலர் வரை. டென்னசியில் 2018 முதலும் மாசசூசெட்ஸில் 2023 முதலும் ரீகனெக்ட் மாதிரியே திட்டங்கள் இருக்கின்றன, அங்கே இருக்கும் உறவினர்களுக்குச் சொல்லுங்கள்.

எங்கள் தமிழ்ப் பள்ளி ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணி நேரம் நடக்கிறது. பிள்ளைகளை உள்ளே விட்டுவிட்டு அம்மாக்கள் காரில் உட்கார்ந்திருப்போம். நான் மடிக்கணினியோடு பின்பக்கக் கேன்டீன் மேசையில்தான் இருக்கிறேன், இந்த செமஸ்டர் மறுபடியும் காஸ்ட் அக்கவுண்டிங் வீட்டுப்பாடம். சோஷியல் செக்யூரிட்டி கார்டு, வரிக் கணக்கு, பிளஸ் டூ மார்க் ஷீட் மூன்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். பள்ளி விடும் மணி அடிப்பதற்குள் ஃபாஃப்ஸாவை முடித்துவிடலாம்.