லினக்ஸ் நிறுவும்போது நெட்வொர்க் கார்டில் செய்யும் தவறுகள்

கார்டு எது என்றே தெரியாமல் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) தேடுவதுதான் பெரிய தவறு. லேப்டாப்பின் மாடல் பெயரை நம்பாதீர்கள். ஒரே மாடலில் வேறு வேறு கம்பெனி வைஃபை கார்டுகள் வருவதுண்டு. லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென் டிரைவ்) பூட் செய்து, டெர்மினலில் கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை -என்என் சேர்த்து (lspci -nn) அடியுங்கள். கார்டின் பெயரோடு, நடுவில் முக்காற்புள்ளி வைத்த இரண்டு எண்கள் சதுர அடைப்புக்குள் தெரியும். முன்னது தயாரிப்பாளர், பின்னது சில்லு. முன்னது 8086 என்றால் இன்டெல். 1978-இல் அவர்கள் வெளியிட்ட பிராசசரின் எண் அது. டிரைவர் தேடும்போது இந்த இரண்டு எண்களையும் போட்டுத் தேடுங்கள்.

டெபியன் என்ற லினக்ஸ் வகையை நிறுவும்போது 'ஃபர்ம்வேர் இல்லை' என்று வந்தால் டிரைவரே இல்லை என்று பலர் பயந்துவிடுகிறார்கள். டிரைவர் பெரும்பாலும் லினக்ஸின் மையமான கர்னலிலேயே இருக்கும். கார்டுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்புதான் இருக்காது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அந்தக் கோப்புகள் அதிகாரப்பூர்வ ஐஎஸ்ஓவிலேயே (நிறுவுவதற்காக இறக்கும் கோப்பு) வருகின்றன. பழைய ஐஎஸ்ஓவோடு மல்லுக்கட்டாமல் புதியதை இறக்குங்கள். அவசரத்துக்கு போனைக் கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் (போனின் இணையத்தைக் கணினிக்குத் தருவது) போட்டால் பெரும்பாலும் வேலை நடந்துவிடும்.

வேகத்தைக் கையால் அமைப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நானே ஒரு நாள் முழுக்க இதில் தொலைத்திருக்கிறேன். ஓர் அலுவலகத்தில் பிங் (இணைப்பைச் சோதிக்க அனுப்பும் சின்னத் தகவல்) ஒழுங்காகப் போகிறது, பேக்கேஜ் இறக்கினால் நகரவே மாட்டேன் என்கிறது. கேபிளை மாற்றினேன், கார்டை மாற்றினேன், பலனில்லை. கடைசியில் பார்த்தால், கேபிளின் மறுமுனையில் இருந்த நெட்வொர்க் சுவிட்சின் போர்ட்டை யாரோ 100 எம்பிபிஎஸ், ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடிவது) என்று பூட்டி வைத்திருந்தார்கள். என் கார்டோ ஆட்டோவில், அதாவது எதிர்முனையோடு பேசி வேகத்தையும் டூப்ளெக்ஸையும் தானே முடிவுசெய்யும் அமைப்பில் இருந்தது. எதிர்முனை பேச்சுவார்த்தைக்கே வராததால், கார்டு வேகத்தை மட்டும் கண்டுகொண்டு ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும்) இறங்கிவிட்டது. சின்ன பிங் தப்பித்துப் போகும். இரு பக்கமும் ஒரே நேரத்தில் போக்குவரத்து கூடினால் மோதல்தான். இரு முனையையும் ஆட்டோவிலேயே விடுங்கள். செப்புக் கம்பியில் 1 ஜிபிபிஎஸ் ஓட ஆட்டோ கட்டாயமும்கூட.

விண்டோஸோடு சேர்த்து நிறுவுபவர்கள் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஷட்டவுன் என்பது பாதித் தூக்கம்தான்; சில கார்டுகள் அதே தூக்கத்திலேயே லினக்ஸிடம் வந்து சேரும், லிங்க் விளக்கு எரியாது. அப்படி ஆகிவிட்டால் டெஸ்க்டாப்பில் மின்சாரக் கேபிளைப் பிடுங்கி அரை நிமிடம் விட்டுச் செருகுங்கள். கார்டு கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடுவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள்.